கீபோர்டு மாணவர்களுக்கு ஒலியமைக்கவும் கற்றுக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பிள்ளைகளுக்கு முதன்முதலாகக் கீபோர்டு வாங்கும் பெற்றோருக்கு ஆலோசனை கூறும் கட்டுரை ஒன்று தங்கள் நாளிதழின் இணைப்பிதழில் அண்மையில் வெளியாகியிருந்தது. விசையை அழுத்தும் வேகத்துக்கேற்ப ஒலி கூடிக் குறைகிறதா என்று பார்க்க வேண்டும், பழைய கருவி என்றால் எல்லா விசைகளையும் ஒரு முறை தட்டிப் பார்த்தே வாங்க வேண்டும் என்றெல்லாம் அதில் சொல்லப்பட்டிருந்தவை நல்ல யோசனைகள். ஆனால் ஒரு கருவியின் தகுதியை அதில் அடங்கியிருக்கும் டோன்களின், அதாவது பல வாத்தியங்களின் பெயரில் உள்ளே அமைத்துவைத்த ஒலிகளின், எண்ணிக்கையைக் கொண்டு மதிப்பிடலாம் என்று அக்கட்டுரை கூறியதை, கும்பகோணம் பகுதியில் பல ஆண்டுகளாகக் கீபோர்டு கற்பித்து வருபவன் என்ற முறையில் என்னால் ஏற்றுக்கொள்ள இயலவில்லை. 500 டோன்களைக் கொடுத்துவிட்டு அவற்றில் எதையும் தொட்டுத் திருத்த இடம் தராத கருவியைக் காட்டிலும், ஒரே ஒரு டோனை அடியிலிருந்து உருவாக்கிப் பார்க்க வழிவிடும் கருவி மாணவருக்குப் பெரிது என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

நம் ஊர்களில் மெல்லிசைக் குழுவிலோ தேவாலயப் பாடகர் குழுவிலோ கீபோர்டு வாசிக்கும் இளைஞர்களிடம் பேசினால், பேச்சு விரைவிலேயே யாரிடம் என்ன டோன் இருக்கிறது என்பதில் வந்து நின்றுவிடும். இந்தப் பாட்டுக்குரிய புல்லாங்குழல் டோன், அந்தப் பாட்டின் இடையிசைக்குரிய ஸ்ட்ரிங்ஸ் டோன் என்று தேடிப் பிடித்து, பென் டிரைவில் வாங்கி, கருவியில் ஏற்றி, மேடையில் பட்டனைத் தட்டி வாசிக்கிறார்கள். ஒரு பாட்டு முடிந்து கைதட்டல் ஓயும் முன் அடுத்த பாட்டுக்குத் தயாராக வேண்டிய மேடைக் கலைஞருக்கு ஆயத்த டோன் இன்றியமையாதது. அதை நான் குறை கூறவில்லை. என் மனக்குறை எல்லாம் நாங்கள் கற்பிக்கும் முறையைப் பற்றியது. ஆண்டுக்கணக்கில் வகுப்புக்குச் சென்று கிரேடு தேர்வுகளில் நல்ல மதிப்பெண் வாங்கிய மாணவரிடம், ஒலி சற்றுக் கூர்மையாக இருக்கிறது, கொஞ்சம் மழுக்கித் தா என்று கேட்டால், அவர் அடுத்த எண்ணுள்ள டோனுக்குப் போகிறார். அதுவும் சரிப்படவில்லை என்றால் அதற்கடுத்த எண்ணுக்குப் போகிறார். கையில் இருக்கும் டோனையே திருத்தலாம் என்ற எண்ணம் அவருக்கு எழுவதில்லை, ஏனென்றால் அப்படி ஒரு வழி இருப்பதை நாங்கள் யாரும் அவருக்குக் காட்டியதில்லை.

வாத்தியம் எதுவும் செய்தவர் கையிலிருந்து வந்த ஒலியோடு அப்படியே மேடையேறுவதில்லை என்பதை எங்கள் பகுதியினர் நேரில் பார்த்தே வளர்ந்திருக்கிறோம். பக்கத்திலுள்ள நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து செய்யப்படும் நாதசுரத்தை வாங்கிச் செல்லும் வித்வான், ஊதும் முனையில் செருகும் நாணல் நாக்குகளான சீவாளிகளை ஒவ்வொன்றாக உதட்டில் வைத்து ஊதிப் பார்த்துத் தமக்கு இணங்குவதைத் தேர்ந்தெடுக்கிறார். குழலின் கீழ்ப்பகுதியிலுள்ள துளைகளில் மெழுகை இட்டும் எடுத்தும் சுருதியைச் சரிசெய்கிறார். மிருதங்கக் கலைஞர் கச்சேரிக்குச் சற்று முன்பு ரவையைப் பிசைந்து இடப்பக்கத் தோலான தொப்பியில் அப்பி, தட்டிப் பார்த்து, கூட்டிக் குறைக்கிறார். தம்புராவில் தந்திக்கும் அதைத் தாங்கும் குதிரைக்கும் நடுவே ஒரு நூலிழையைச் செருகி, அதை இம்மி இம்மியாக நகர்த்தி, ரீங்காரம் விரியும் இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். இவை எல்லாம் வாசிப்புக்கு வெளியே நடக்கும் எடுபிடி வேலைகள் என்று எந்தக் குருவும் சொன்னதில்லை. நாதம் இப்படி இருக்க வேண்டும் என்று காது கேட்பதும், அதற்குக் கை இசைந்து கொடுப்பதும் கலைஞனின் பயிற்சியிலேயே சேர்ந்தவை. கீபோர்டு கற்பவருக்கு மட்டும் இந்தப் பொறுப்பிலிருந்து நாமாகவே விலக்கு அளித்துவிட்டோம்.

ஒலியை மின்னணு முறையில் உருவாக்கும் சிந்தசைசர் என்னும் கருவியும் தொடக்கத்தில் மற்ற வாத்தியங்களைப் போலவே வாசிப்பவரின் காதை நம்பித்தான் இருந்தது. அமெரிக்காவில் ராபர்ட் மூக் 1964இல் உருவாக்கத் தொடங்கிய கருவிகளில் டோன் என்று எதுவும் உள்ளே வைக்கப்பட்டிருக்கவில்லை. ஒலியை எழுப்பும் ஆசிலேட்டர், அதன் கூர்மையைச் செதுக்கும் ஃபில்டர், அதன் வலுவை ஆளும் ஆம்ப்ளிஃபயர் என்று தனித்தனியாக இருந்த பகுதிகளைக் கம்பிகளால் இணைத்த பிறகே ஓசை வரும். அந்தக் கம்பிகளின் தேவையை நீக்கி 1970இல் வெளிவந்த மினிமூக்கிலும் நினைவகம் கிடையாது. மூன்று ஆசிலேட்டர்களையும் ஒரு ஃபில்டரையும் குமிழ்களைத் திருகியே அமைக்க வேண்டும். பிடித்த ஒலி அமைந்துவிட்டால், குமிழ்கள் நின்ற நிலையைக் காகிதத்தில் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். 1978இல் டேவ் ஸ்மித்தின் நிறுவனம் வெளியிட்ட ப்ராஃபெட்-5, நுண்செயலியின் துணையோடு 40 ஒலியமைப்புகளைச் சேமித்துவைத்து, பட்டனைத் தட்டியவுடன் திரும்பக் கொண்டுவரும் வசதியைத் தந்தது. கலைஞர் பாடுபட்டு அமைத்த ஒலி மறுநாள் காணாமல் போய்விடக் கூடாது என்பதற்கு அது பெரும் உதவியாக இருந்தது. மாதிரிக்காக நிறுவனங்கள் நிரப்பி அனுப்பிய ஒலிகளே பிறகு கருவியின் முழு உடைமையாகக் கருதப்பட்டது, அதற்குப் பின் வந்த பத்தாண்டுகளில் நிகழ்ந்த மாற்றம்.

அந்த மாற்றத்தில் யமஹாவின் டி.எக்ஸ்.7 என்ற கருவிக்குப் பெரும் பங்கு உண்டு. அதன் அடிப்படையான எஃப்.எம். முறையை ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் 1967இல் கண்டறிந்தார். ஒரு சைன் அலையின், அதாவது ஒரே அதிர்வெண் மட்டும் கொண்ட தூய ஒலியின், சுருதியை இன்னோர் அலையைக் கொண்டு நொடிக்கு நாலைந்து முறை மேலும் கீழும் அசைத்தால், நம் காதுக்கு அது குரல் நடுங்குவது போலக் கேட்கும். அசைக்கும் வேகத்தை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை என்று உயர்த்திக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அசைவு என்பதே மறைந்து, முன்பு இல்லாத மேற்சுரங்களோடு, அதாவது அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் கூடுதல் அதிர்வெண்களோடு, புதிய நாதம் ஒன்று பிறந்துவிடுகிறது. இதன் உரிமத்தைப் பெற்ற யமஹா, ஆப்பரேட்டர்கள் எனப்படும் ஆறு சைன் அலைகளை 32 விதமாக இணைத்துக்கொள்ளும் வகையில் டி.எக்ஸ்.7 கருவியை 1983இல் வெளியிட்டது. ஒலியின் சாத்தியங்களை இவ்வளவு அகலமாகத் திறந்துவைத்த அக்கருவியின் முகப்பில், முந்தைய கருவிகளில் இருந்த குமிழ்கள் இல்லை. வரிக்கு 16 எழுத்துகள் வீதம் இரண்டே வரிகள் தெரியும் சிறு திரையும், எல்லா மாற்றங்களுக்கும் பொதுவான ஒற்றைத் தள்ளுகுமிழும்தான் இருந்தன. ஒரு டோனுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட எண்கள்; ஒரு நேரத்தில் கண்ணுக்குத் தெரிவது ஒன்றே ஒன்று. உள்ளே இறங்கித் தமக்கான ஒலிகளை வடித்தெடுத்த பிரிட்டிஷ் இசைக்கலைஞர் பிரையன் ஈனோ போன்றவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் நிறுவனம் கொடுத்ததை வாசித்தார்கள், அதனால்தான் அந்த எலக்ட்ரிக் பியானோ டோனை 1980களின் எண்ணற்ற பாடல்களில் இன்றும் அடையாளம் காண முடிகிறது.

அந்த எலக்ட்ரிக் பியானோ டோனையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் கற்பிப்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. அதில் ஒரு ஜோடி ஆப்பரேட்டர்களில் ஒன்று, நாம் வாசிக்கும் சுரத்தின் அதிர்வெண்ணிலேயே ஒலிக்கிறது. அதை அசைக்கும் மற்றொன்று அதே அதிர்வெண்ணின் 14 மடங்கில் அமைக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவதன் வலு விசையை அழுத்திய கணத்தில் எழுந்து சட்டென்று தணிந்துவிடும். விசையை ஓங்கி அடித்தால் அதன் பங்கு கூடும், மெதுவாகத் தொட்டால் ஏறக்குறைய இல்லாமலே போகும். உலோகத் தண்டைச் சிறு சுத்தியல் தொட்டாற்போல் தொடக்கத்தில் நாம் கேட்கும் அந்த 'டிங்' முழுவதும் இந்த ஓர் அமைப்பிலிருந்து வருகிறது. மாணவர் அந்த 14ஐ 11ஆகவோ 7ஆகவோ மாற்றி வாசிக்கும்போது கருவியின் உலோகமே மாறிவிட்டது போல அவருக்குக் கேட்கும். முழு எண்ணாக இல்லாத ஒரு மடங்கைக் கொடுத்து, தணியும் நேரத்தையும் நீட்டிவிட்டால், பியானோ மறைந்து வெண்கல மணி ஒலிக்கத் தொடங்கும். ஓர் எண்ணுக்கும் ஒரு நாதத்துக்கும் இடையிலுள்ள இந்த உறவைத் தன் காதால் கண்டுகொண்ட பிள்ளை, அதன் பிறகு எந்த டோனைக் கேட்டாலும் இது எதனால் இப்படி ஒலிக்கிறது என்று கேட்கத் தொடங்கிவிடுகிறது. என் வகுப்பில் இது நடப்பதை நான் தொடர்ந்து பார்த்து வருகிறேன். அந்தக் கேள்விக்குப் பிறகு அவர்களுடைய வாசிப்பும் மாறுகிறது.

ஒலியின் தொடக்கம் எவ்வளவு முக்கியமானது என்பதற்கும் ஒரு சான்று உண்டு. பாரிஸ் வானொலியில் பணியாற்றிய பியர் ஷேஃபர், 1948இல் மணியோசையைப் பதிவு செய்து, நாக்கு மணியில் மோதும் அந்த முதல் கணத்தை மட்டும் நீக்கிவிட்டுக் கேட்டார். மிச்சமிருந்தது மணி என்று சொல்ல முடியாத வேறோர் ஒலியாக, காற்று வாத்தியத்துக்கு நெருங்கியதாக இருந்தது. நாம் ஒரு வாத்தியத்தை அடையாளம் காண்பது பெரும்பாலும் அதன் முதல் சில நொடிக்கூறுகளில்தான். 1987இல் ரோலண்ட் வெளியிட்ட டி-50 கருவி இந்த உண்மையைத் திறமையாகப் பயன்படுத்தியது. நினைவகச் சில்லுகள் விலை கூடியிருந்த காலம் அது. எனவே உண்மையான வாத்தியத்தின் தொடக்கத்தை மட்டும் பதிவாக வைத்துக்கொண்டு, நீளும் பகுதியைக் கருவியே செயற்கையாக எழுப்பியது. அடுத்த ஆண்டில் கோர்க் வெளியிட்ட எம்1, பதிவு செய்த ஒலிகளையே மூலமாகக் கொண்டு பெரும் வெற்றி பெற்றது. அதன் ஃபில்டரில் ஒலியின் ஒரு பகுதியை எடுப்பாக்கும் ரெசனன்ஸ் என்னும் கூர்முனையே இல்லை என்பதிலிருந்து, வாசிப்பவர் உள்ளே புகுந்து செதுக்குவார் என்ற எதிர்பார்ப்பு எவ்வளவு குறைந்திருந்தது என்பதை உணரலாம். இன்று நம் கைகளில் இருக்கும் கீபோர்டுகளில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவை.

ஆயத்த டோன்களை அமைத்தவர்கள் பெருந்திறமை படைத்தவர்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். டி-50இன் புகழ்பெற்ற ஒலிகளை உருவாக்கியவர்களில் ஒருவரான எரிக் பெர்சிங், ஒலியமைப்பு என்பதையே தனிக் கலையாக வளர்த்தவர். ஒரு நல்ல டோனைத் திறந்து, அதை அமைத்தவர் எந்த அலையிலிருந்து தொடங்கினார், ஃபில்டரை எங்கே நிறுத்தினார், எதை மாடுலேஷன் வீல் என்னும் கைச்சக்கரத்தோடு பிணைத்தார் என்று பார்ப்பது, தேர்ந்த வித்வானின் வாசிப்பைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்கு நிகரான கல்வி. ஆனால் ஒவ்வொரு ஆயத்த டோனும் யாரோ ஒருவர் எங்கோ ஓர் அறையில், அவருக்குப் பழகிய இசையை மனத்தில் கொண்டு எடுத்த முடிவுகளின் தொகுப்பு. ஒலி எவ்வளவு விரைவில் எழ வேண்டும், நீட்டிப் பிடித்தால் எப்போது அசையத் தொடங்க வேண்டும், எந்த அளவு அசைய வேண்டும் என்பதை எல்லாம் அவர் நமக்காக முன்கூட்டியே தீர்மானித்துவிட்டார். நாம் வாசிக்கும் இசை அவர் நினைத்த இசையாக இருக்கும்வரை சிக்கல் இல்லை.

நம் இசைக்கு வரும்போது சிக்கல் தொடங்குகிறது. கீபோர்டில் நாதசுரம் என்று பெயரிட்ட ஒரு டோனைத் தேர்ந்தெடுத்து நடு ஸ்தாயியில் ஒரு சுரத்தை நீட்டிப் பிடியுங்கள். ஒலி நன்றாகவே இருக்கும். சற்று நேரத்தில் இனிமையான அசைவு ஒன்றும் சேரும். பல கருவிகளில் அந்த அசைவு வித்வான் ஊதிப் பதிவு செய்தபோதே பதிவுக்குள் சேர்ந்துவிட்டது. எல்லாச் சுரங்களையும் தனித்தனியாகப் பதிவு செய்யாமல், ஒரு பதிவையே வேகம் கூட்டியும் குறைத்தும் பல விசைகளுக்குப் பயன்படுத்தும் கருவியில், மேலே போகப் போக அசைவின் வேகமும் சேர்ந்து கூடும். ஒரே பதிவு ஒரு ஸ்தாயி உயர்த்தப்பட்டால் அசைவு சரியாக இரண்டு மடங்கு வேகமாகிவிடும். கீழே இறக்கினால் இழுபடும். எந்த வித்வானும் அப்படி ஊதுவதில்லை. இதைக் கேட்டுப் பழகிய பிள்ளைகளுக்கு அதுதான் நாதசுரம் என்று மனத்தில் பதிந்துவிடுகிறது.

இதே டோனில் தோடியை வாசிக்க முயன்றால் நிலைமை இன்னும் தெளிவாகும். தோடியின் காந்தாரம் நிலையாக நிற்கும் சுரம் அன்று. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே ஊசலாடி, அந்த ஊசலாட்டத்தாலேயே காந்தாரமாகிறது. கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் சக்கரமான பிட்ச் பெண்ட் வீலின் எல்லை வழக்கமாக மேலே இரண்டு அரைச் சுரம், கீழே இரண்டு அரைச் சுரம் என்று அமைந்திருக்கும். காந்தாரத்தின் விசையைப் பிடித்துக்கொண்டு வீலை முழுக்க இறக்கினால் ரிஷபம், முழுக்க ஏற்றினால் மத்யமம். ஆக, தோடிக்குத் தேவையான வெளி அந்த வீலுக்குள் ஏற்கெனவே இருக்கிறது, கையைப் பழக்குவதுதான் பாக்கி. ஆனால் கை கம்பிதம் எனப்படும் அந்த ஊசலாட்டத்தைச் செய்துகொண்டிருக்கும்போது, டோனுக்குள் பதிவாகியிருக்கும் அசைவு தன் போக்கில் தனியாக அசைந்துகொண்டிருக்கும். இரண்டும் மோதும். அதே டோனில் சங்கராபரணத்தின் காந்தாரத்தை ஆடாமல் நிறுத்த விரும்பினாலும் அது நம் பேச்சைக் கேட்காது. எவ்வளவு பயிற்சி செய்தாலும் தீராத இந்தக் குறையைத் தம் விரல்களின் குறை என்று எண்ணி மனம் தளர்ந்த மாணவர்களை நான் அறிவேன்.

ஒலியைத் தானே அமைக்கத் தெரிந்தவருக்கு இங்கே வழி திறக்கிறது. எங்கள் வகுப்பில் நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். டோனை முழுக்க வெறுமையாக்கிவிட்டு, ஆசிலேட்டரில் இரு நிலைகளுக்கிடையே தாவும் பல்ஸ் அலையைத் தேர்ந்து, அதன் மேல்நிலை அகலத்தை ஒரு சுற்றின் 10 சதவீத அளவுக்குக் குறுக்கிக்கொள்கிறோம். அடிப்படைச் சுரத்தின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வெண்ணில் எழும் மேற்சுரங்கள் அப்போது அடிப்படைச் சுரத்தை விட அதிகம் குறையாத வலுவோடு ஒலிப்பதால், இரட்டை நாக்குள்ள ஊதுகருவிகளின் மூக்கொலி போன்ற கூர்மை வந்துவிடுகிறது. அதே இடத்தில் சதுர அலையை வைத்தால் ஒற்றைப்படை மேற்சுரங்கள் மட்டுமே இருக்கும், கிளாரினெட்டின் கீழ் ஸ்தாயி நினைவுக்கு வரும். இந்த வேறுபாட்டைக் காதால் கேட்ட பிறகே மேலே செல்கிறோம். அடுத்து, ஒரே நேரத்தில் ஒரு சுரம் மட்டுமே ஒலிக்கும்படி மோனோ நிலைக்கு மாற்றி, விரலை எடுக்காமல் அடுத்த விசைக்குப் போனால் ஒலி புதிதாகத் தொடங்காமல் தொடரும்படி லெகாட்டோவை வைக்கிறோம். தொடக்கத்தில் மிகச் சிறிய அளவில் இரைச்சலைச் சேர்த்தால் காற்று சீவாளிக்குள் புகும் ஓசை கிடைக்கிறது. சுரம் தன் இடத்துக்குச் சற்றுக் கீழிருந்து எழுந்து சேரும்படி பிட்ச் என்வலப்பை அமைத்தால், வித்வான் மூச்சால் சுரத்தைத் தூக்கிப் பிடிப்பது போன்ற உணர்வு வருகிறது.

பிறகு இரண்டு வேலைகள் இருக்கின்றன, இவற்றுக்குத்தான் நாங்கள் அதிக நேரம் செலவிடுகிறோம். முதலாவது, வாத்தியத்தின் உடல். சுரம் மேலே போனாலும் கீழே வந்தாலும் நாதசுரத்தின் மரக்குழலும் அதன் விரிந்த வாயான அணசும் மாறுவதில்லை. எனவே அவை வலுப்படுத்தும் அதிர்வெண் பகுதிகளும் பெரும்பாலும் அதே இடத்தில் இருக்கும். சுரத்தோடு சேர்ந்து நகராமல் ஒரே இடத்தில் நிற்கும் ஒன்றிரண்டு ஃபில்டர் முகடுகளை வைக்கும்போது, அதுவரை மின்சார ரீங்காரமாக இருந்த ஒலி ஒரு பொருளிலிருந்து வருவதாகத் தோன்றத் தொடங்குகிறது. இரண்டாவது, மூச்சு. உண்மையான வாத்தியத்தில் கமகத்தின்போது சுருதி மட்டும் நகர்வதில்லை, மூச்சின் அழுத்தமும் நாதத்தின் கூர்மையும் கூடவே மாறுகின்றன. பிட்ச் பெண்ட் வீலை ஏற்றும்போது ஃபில்டரின் கட்ஆஃப் எனப்படும் வெட்டு எல்லை சிறிதளவு திறக்கும்படியும், இறக்கும்போது வலு சற்று அடங்கும்படியும் பிணைத்துவைத்தால், தோடியின் காந்தாரம் உயிர் பெறுகிறது. அசைவை எல்.எஃப்.ஓ. என்னும் மெதுவான ஆசிலேட்டர் மூலம் கொடுத்து மாடுலேஷன் வீலின் கட்டுப்பாட்டில் வைத்துவிடுவதால், வேண்டும்போது வரும், வேண்டாதபோது அறவே இருக்காது. எந்த ஸ்தாயியிலும் அதன் வேகம் மாறாது. இப்படி உருவாகும் ஒலி பதிவு செய்யப்பட்ட நாதசுரத்தின் அளவுக்கு இயற்கையாக இருப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது ராகத்துக்குக் கீழ்ப்படிகிறது. எனக்கு அதுவே முதன்மை.

சுருதி விஷயத்திலும் இதே நிலைதான். கீபோர்டின் சம இடைவெளிப் பகுப்பில் அந்தர காந்தாரம், ஷட்ஜத்தோடு 5க்கு 4 என்ற விகிதத்தில் இயல்பாக இணையும் காந்தாரத்தை விட ஏறத்தாழ 14 சென்ட் உயர்ந்திருக்கிறது. ஓர் அரைச் சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். சுருதிப் பெட்டியை ஓடவிட்டு, நடு ஸ்தாயி சி என்ற சுரத்தை ஷட்ஜமாகக் கொண்டு காந்தாரத்தை நீட்டிப் பிடித்தால், இரண்டின் மேற்சுரங்களும் உரசி நொடிக்குப் பத்து முறை அளவில் ஒரு துடிப்பு எழுவதைக் காது கொடுத்துக் கேட்பவர்கள் உணர்வார்கள். பல கருவிகளிலும் மென்பொருள்களிலும் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே நுணுக்கமாக ஏற்றி இறக்கும் வசதி உண்டு. கருவியின் மெனுவில் அது இருப்பதை அறியாமலேயே அதை ஆண்டுக்கணக்கில் வாசித்து வருபவர்கள் ஏராளம்.

இதற்கெல்லாம் விலை உயர்ந்த கருவி வேண்டுமே என்று பெற்றோர் கவலைப்படக் கூடும். கவலைக்கு இடமில்லாத காலம் இது. சர்ஜ் எக்ஸ்.டி. என்ற சிந்தசைசர் மென்பொருள் முற்றிலும் இலவசம். அதன் மூலநிரல் 2018இல் பொதுவில் வெளியிடப்பட்டு, தன்னார்வலர்களால் வளர்க்கப்பட்டு வருகிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குகிறது. நான் மேலே சொன்ன சுருதித் திருத்தத்துக்கும் அதில் இடம் உண்டு. டி.எக்ஸ்.7இன் அமைப்பை அப்படியே கணினித் திரையில் விரித்துக் காட்டும் டெக்ஸ்ட் (Dexed) என்ற மென்பொருளும் இலவசம். ஒரு காலத்தில் இரண்டு வரித் திரைக்குள் மறைந்து கிடந்த எண்கள் அனைத்தையும் அதில் ஒரே பார்வையில் காணலாம். 2020இல் வெளிவந்த வைட்டல் மென்பொருளுக்கும் இலவசப் பதிப்பு உண்டு. ஒலியலையின் வடிவம் மாறுவதைக் கண்ணெதிரே வரைந்து காட்டுவதால் சிறு பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடிக்கிறது. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கணினியும், ஏற்கெனவே வாங்கிய கீபோர்டை அதனோடு இணைக்கும் யு.எஸ்.பி. கம்பியும், நல்ல ஹெட்ஃபோனும் போதும். தங்கள் கட்டுரையில் கூடுதல் டோன்களுக்காகக் கூடுதலாகச் செலவிடச் சொல்லியிருந்த தொகையை அந்த ஹெட்ஃபோனுக்குச் செலவிடலாம் என்பது என் பரிந்துரை.

என் சக ஆசிரியர்கள் சிலர் இதைக் கேட்டு, விரல் பயிற்சிக்கும் சுரப் பயிற்சிக்குமே நேரம் போதவில்லை, இதற்கு எங்கே போவது என்கிறார்கள். அவர்களுடைய நெருக்கடியை நான் அறிவேன். தேர்வுத் தேதி நெருங்கும்போது எனக்கும் அதே நெருக்கடிதான். ஆனாலும் வகுப்பின் கடைசிப் பகுதியில் சிறிது நேரத்தை ஒதுக்கி, ஒரு வகுப்புக்கு ஒரே ஒரு குமிழை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். இந்த வாரம் ஃபில்டர் என்றால் வேறு எதையும் தொட வேண்டாம். அதைத் திறந்தும் மூடியும் தெரிந்த ஒரு கீர்த்தனையின் பல்லவியை வாசித்துக் கேட்கட்டும். அடுத்த வாரம் ஒலி எழும் நேரத்தை மட்டும் மாற்றட்டும். மெதுவாக எழும் ஒலியில் துரித காலத்தை வாசிக்க முடியாது என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள். காலப்பிரமாணத்துக்கும் ஒலியமைப்புக்கும் உள்ள தொடர்பை அதைவிடத் தெளிவாக எந்த ஆசிரியராலும் விளக்க முடியாது. அறிவியல் பாடத்தில் அலைநீளம், அதிர்வெண் என்று மனப்பாடம் செய்யும் பிள்ளைகள், அவற்றைக் கையால் திருகிக் காதால் கேட்கும் வாய்ப்பும் இதனோடு சேர்ந்து கிடைக்கிறது.

ஆகவே தங்களிடமும், இசைக் கல்வியில் பொறுப்பிலுள்ளோரிடமும் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். தங்கள் இணைப்பிதழில் கருவி வாங்குவது பற்றி இனி எழுதும்போது, டோன்களின் எண்ணிக்கையோடு நிறுத்தாமல், டோனைத் திருத்திச் சேமிக்கும் வசதி உண்டா, பிட்ச் பெண்டின் எல்லையை மாற்ற முடியுமா, சுரங்களின் சுருதியைத் தனித்தனியே திருத்த முடியுமா என்ற கேள்விகளையும் பெற்றோர் கடைக்காரரிடம் கேட்கும்படி எழுத வேண்டும். ஒலியமைப்பைத் தமிழில் படிப்படியாகக் கற்பிக்கும் தொடர் ஒன்றையும் தாங்கள் வெளியிட்டால், ஆங்கிலக் கையேடுகளைப் புரட்டித் தயங்கி நிற்கும் கிராமப்புற மாணவர்களுக்கு அது பேருதவியாக இருக்கும். எழுதத் தகுதியானவர்கள் நம் ஒலிப்பதிவுக் கூடங்களிலேயே இருக்கிறார்கள்.

மூன்றாவது, அரசு இசைக் கல்லூரிகளையும் மாவட்ட அரசு இசைப் பள்ளிகளையும் நோக்கியது. அங்கே நாதசுரமும் தவிலும் வயலினும் முறையாகக் கற்பவர்கள் இருக்கிறார்கள். வெளியே தனியார் வகுப்புகளில் கீபோர்டு கற்பவர்கள் இருக்கிறார்கள். இரு தரப்பினரும் சந்திப்பதே இல்லை. விடுமுறைக் காலத்தில் சில நாட்கள் இவர்களை ஒரே அறையில் உட்கார வைக்கலாம். நாதசுர மாணவர் தோடியின் காந்தாரத்தை ஊதட்டும். கீபோர்டு மாணவர் வெறுமையான ஒரு டோனிலிருந்து தொடங்கி அதை நெருங்க முயலட்டும். எங்கே பிசகுகிறது என்பதை ஊதுபவரே சொல்லட்டும். இதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடோ புதிய பாடத்திட்டமோ தேவையில்லை. இப்படி ஒரு பட்டறையை எங்கள் பகுதியில் நடத்த எந்தக் கல்வி நிலையமாவது முன்வந்தால், கணினிகளில் மென்பொருளை நிறுவுவது முதல் மாணவர்களுடன் அமர்ந்து வழிகாட்டுவது வரையிலான பணிகளை ஊதியமின்றிச் செய்துதர நானும் என் பழைய மாணவர்களும் ஆயத்தமாக இருக்கிறோம் என்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கீபோர்டு ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.